கரித்துண்டுக்கு ஊர் கேட்ட கதை

வேதியியலில் வாங்கிய பட்டங்களை வைத்துக்கொண்டு என் கையால் நான் முழுசாகச் செய்து முடித்த காரியம் ஒன்றுதான்: மாமனார் வீட்டு வாசல் கதவில் ஓட்டை போட்டேன். அதுவும் அரைகுறை ஓட்டை இல்லை. உள்ளே குனிந்து கண்ணை வைத்தால் தெருவில் போகிற சைக்கிளின் சக்கரம் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் அப்போது ஒரு கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர். மயிலாப்பூரில் வீட்டோடு மாப்பிள்ளை. இரண்டு இடத்திலும் நான் பேசும்போது எல்லோரும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதால், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எங்கள் கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டே தொல்லியலில் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் இருந்தார். சாந்தோம்காரர். ஒரு நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு வந்து, கேமரா ஃபிலிம் ரோல் போட்டுத் தருவார்களே, அந்தக் கறுப்பு டப்பாவை வைத்தார். மூடியைத் திறந்தால் பஞ்சுக்கு நடுவே இரண்டு கரித்துண்டுகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவு.

"என்னம்மா இது, இஸ்திரிக்காரர்கிட்ட வாங்கினதா?"

"ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு சார் இதுக்கு."

நான் வாயில் போட இருந்த தயிர்சாதத்தைத் திரும்ப டப்பாவில் வைத்தேன். மரியாதை அல்ல, கரி மேல் சிந்திவிடுமோ என்ற பயம்.

கடலோர மேடு ஒன்றில் குழி வெட்டியபோது, எரிந்துபோன ஒரு கட்டடத்தின் தூண் கிடைத்திருக்கிறது. அந்தத் தூணின் துண்டுகள் இவை. மிச்சமெல்லாம் காலம் கணிக்கவும் அலமாரியில் பூட்டி வைக்கவும் போய்விட்டன. மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் தேக்கு என்று உறுதியாகிவிட்டது. சிக்கல் அதற்குப் பிறகுதான். அந்தத் தேக்கு மேற்கு மலையில் வெட்டப்பட்டு, கணவாய் வழியாக, ஊர் ஊராகத் தரைமார்க்கமாகக் கடற்கரைக்கு வந்தது என்று இவர் ஓர் அத்தியாயம் எழுதியிருந்தார். அந்தப் பாதையில் பல வருஷம் நடந்து, பானை ஓடு பொறுக்கி, வெயிலில் கறுத்து எழுதிய அத்தியாயம். ஆய்வேட்டின் முதுகெலும்பே அதுதான்.

"எங்க கைடு ஒத்துக்க மாட்டேங்கறார் சார். 'கடலோரத்துல கெடச்ச மரம், பர்மாவுலேர்ந்து கப்பல்லகூட வந்திருக்கலாமே, மலையிலேர்ந்துதான் வந்துச்சுன்னு எப்படிச் சொல்ற'ன்னு கேக்கறார். மாசக் கடைசிக்குள்ள ஆதாரம் காட்டணுமாம். இல்லைன்னா அந்த அத்தியாயத்தையே எடுத்துடணுமாம்."

"எடுத்துட்டா?"

"முன்னுரையும் நன்றியுரையும் மிஞ்சும்."

கரியை வைத்து ஊர் கண்டுபிடிக்க முடியுமா என்பது அவருடைய கேள்வி. முடியும் என்று உடனே சொன்னேன். அப்போதுதான் எங்கோ படித்திருந்தேன். படித்தது சூடாக இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். மரம் தான் நிற்கிற மண்ணைத் தண்ணீரோடு சேர்த்துக் குடிக்கிறது. கால்சியத்தைக் குடிக்கும்போது கூடவே ஸ்ட்ரான்ஷியம், பேரியம் என்று இரண்டும் உள்ளே வந்துவிடும். ஒருவருக்குப் பத்திரிகை வைத்தால் குடும்பத்தோடு வருகிற உறவுக்காரர்கள் மாதிரி. ஒரு கால்சியத்துக்கு எத்தனை உறவுக்காரர் வருவார்கள் என்பது மண்ணுக்கு மண் வித்தியாசப்படும். மரத்தை எரித்துக் கரியாக்கினாலும் இவர்கள் எரிவதில்லை, உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். கரியைச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, அந்தக் கரைசலை ஒரு தீயில் தெளித்தால் யார் யார் எவ்வளவு என்று கருவி சொல்லிவிடும். பிறகு ஊர் தெரிந்த மரத்தையும் அதே மாதிரி பார்த்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று ஒப்பிட வேண்டும்.

கருவி அடையாறு பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தது. அதை இயக்குகிறவன் என்னோடு படித்தவன், சைதாப்பேட்டைக்காரன். விஞ்ஞானி ஆன பிறகும் பேச்சை மாற்றிக்கொள்ளாதவன். டப்பாவைத் திறந்து காட்டியதும், "இன்னா மச்சி, கரியெல்லாம் தூக்கினு வந்துகீற. சுக்கா வறுவல் போடவா?" என்றான். விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். அவன் கண்ணில் ஓர் ஒளி வந்தது. எனக்கும் வந்திருக்க வேண்டும்.

"ரெண்டுல ஒண்ண இப்ப எடுப்போம். ஒண்ணு பத்தரமா இருக்கட்டும். குழி மண்ணு கொஞ்சம் எடுத்தாரச் சொல்லு, மண்ணுலேர்ந்து ஊறினதான்னு பாக்கணும். அப்பால ஊர் தெரிஞ்ச தேக்கு ஒண்ணு வோணும்."

மண் வந்துவிட்டது. மலைத் தேக்குக்குக் காட்டிலாகாவில் கேட்டிருந்தோம், பதில் வரவில்லை. பர்மா தேக்கு? அதற்கு நான் எங்கும் போக வேண்டியதில்லை. தினமும் அதைத் திறந்துகொண்டுதான் கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன்.

எங்கள் வாசல் கதவைப் பற்றி மாமனார் சொல்லாத நாள் கிடையாது. கேஸ் சிலிண்டர் போட வருகிறவர்கூடக் கேட்டிருக்கிறார். "ரங்கூன்லேர்ந்து கப்பல்ல வந்த மரம். எங்கப்பா இழைச்சுப் பண்ணினது. இந்த மாதிரி பர்மா தேக்கு இப்போ பர்மாலயே கெடையாது." ஃப்ளாட் கட்டுகிறவர்கள் வந்து வீட்டைக் கேட்கும்போதெல்லாம் கதவைத் தட்டிக்காட்டித்தான் திருப்பி அனுப்புவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மாமனார் கோயிலுக்குப் போயிருந்தார், மனைவி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். கைத்துளைப்பானை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால், கீழ் மூலையில், யாரும் பார்க்காத இடத்தில் உட்கார்ந்தேன். மேலே உள்ள வார்னிஷ் கலந்துவிடக் கூடாது, நடு மரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த விஷயத்தில் நான் மிகவும் கறார். முதலில் வந்த தூளை ஊதித் தள்ளினேன். நல்ல தூள் வர ஆரம்பித்தது. தேன் நிறம், தோல் வாசனை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சுற்றினேன். திடீரென்று துளைப்பான் சொகுசாகச் சுற்றியது. உருவினேன். ஓட்டை வழியாக வெயில் வந்து என் வேட்டியில் ஒரு பொட்டு வைத்தது.

மெழுகுவத்தியை உருக்கி, நிறம் பொருந்துவதற்காகக் காப்பிப்பொடி கலந்து அடைத்தேன். வேதியியல் தெரிந்தவன் இல்லையா. மறுநாளே வெயிலில் உருகி வழிந்தது. மறுபடி அடைத்தேன். ஒரு வாரம் வாசல் பக்கம் டிகிரி காப்பி வாசனை. "ஏன்னா, காப்பிப்பொடி டப்பால பாதியக் காணோம், நீங்க தனியா போட்டுக் குடிக்கறேளா?" என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன். குடிகாரன் என்ற பெயர் ஓட்டைக்காரன் என்ற பெயரைவிடப் பரவாயில்லை.

சனிக்கிழமை மதியம் கருவி எங்களுக்குக் கிடைத்தது. கரியின் மேல்தோலைச் சுரண்டி, மெல்லிய அமிலத்தில் அலசி, உள்பகுதியை மட்டும் சாம்பலாக்கியிருந்தான் நண்பன். முதலில் குழி மண். பிறகு கரி. இரண்டும் வேறு வேறு. மண்ணில் ஊறியது இல்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். மூன்றாவது கதவு. வரைபடத் தாளில் பேனா ஏறியது, நின்றது. கணக்குப் போட்டேன். மறுபடி போட்டேன். கரியும் கதவும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒத்துப்போயின.

அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வது. என் வாழ்க்கையில் நான் போட்ட கணக்கு எதுவும் அதற்கு முன்னால் அப்படி ஒத்துப்போனதில்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் பர்மாவிலிருந்து ஒரு கப்பல் கிளம்புகிறது, அதன் வயிற்றில் தேக்கு, அதைக் கண்டுபிடித்தவன் நான். நண்பன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நான் அதற்குள் வாசலைத் தாண்டி, எதிரே பெட்டிக்கடையில் தொங்கிய ஒரு ரூபாய் போனைப் பிடித்துவிட்டேன்.

"அம்மா, கண்டுபிடிச்சாச்சு. பர்மா. அப்படியே பர்மா. கொஞ்சம்கூட சந்தேகம் இல்லை."

அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் சரியில்லையோ என்று "பர்மா, பர்மா" என்று கத்தினேன். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டுப் பழக்குலையை நகர்த்தி வைத்தார்.

"அப்போ என் அத்தியாயம் அவ்வளவுதானா சார்?" என்றார் அவர், மெதுவாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நல்ல சேதி சொல்வதாக நினைத்துக்கொண்டு, அவர் பல வருஷம் நடந்த பாதையை ஒரு ரூபாயில் மூடிவிட்டிருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தபோது பீப் சத்தம் வந்து லைன் அறுந்தது. என்னிடம் வேறு நாணயம் இல்லை. 

திரும்பி வந்தேன். நண்பன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க மச்சி ஓடின? நீ இப்ப இன்னாத்த கண்டுபுடிச்ச?"

"கரி பர்மாவுலேர்ந்து வந்துச்சுன்னு."

"இல்ல. கரியும் கதவும் ஒரே மாதிரி மண்ணுல வளந்துச்சுன்னு கண்டுபுடிச்ச. அந்த மண்ணு எங்க கீதுன்னு யார் சொன்னா?"

"கதவு பர்மா தேக்குடா."

"யார் சொன்னா?"

"மாமனார்."

"அவருக்கு யார் சொன்னா?"

"அவங்க அப்பா."

"அவருக்கு?"

"மரம் வித்தவன் சொல்லியிருப்பான்."

"மெட்ராஸ்ல எவனாவது, 'சார், இது பர்மா தேக்கு இல்ல'ன்னு சொல்லி மரம் வித்துகிறானா மச்சி?"

நான் உட்கார்ந்தேன். வார்னிஷ் கலந்துவிடக் கூடாது என்று அவ்வளவு ஆழமாகத் துளைத்தவனுக்கு, கதவுக்கு எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. மாமனார் பெருமையை அளவுகோலாக வைத்துச் சரித்திரத்தை அளந்திருக்கிறேன்.

ஆனால் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எனக்குள் மறுபடி ஒரு குறுகுறுப்பு. இரண்டும் ஒரே ஊர் என்றால், கரி பர்மாவாக இருக்கலாம். அல்லது கதவு பர்மா இல்லாமல் இருக்கலாம். கடைக்காரரிடம் சில்லறை மாற்றிக்கொண்டு மறுபடி போன் செய்தேன்.

"அத்தியாயத்தக் கிழிச்சுடாதீங்கம்மா. எங்க கதவு மேல எனக்குச் சந்தேகமா இருக்கு."

முதல் துண்டு அளந்ததிலேயே தீர்ந்துவிட்டது, ஒரு தரம் அளந்ததை மட்டும் கைடு ஒத்துக்கொள்ள மாட்டார், மறுபடி அளக்க இன்னும் ஒரே ஒரு கரித்துண்டு பாக்கி. மாசக் கடைசிக்கு இன்னொரு சனிக்கிழமைதான் இருந்தது. அதற்குள் நிஜமான பர்மா தேக்கும் நிஜமான மலைத் தேக்கும் வேண்டும். மலையைச் சாந்தோம்காரர் எடுத்துக்கொண்டார். அன்றே ரயிலேறிப் போய், அடிவாரத்து மரக்கிடங்கில் கெஞ்சிக் கூத்தாடி, எந்தக் காட்டில் வெட்டியது என்று தெரிந்த இரண்டு துண்டுகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பர்மாவை நான் எடுத்துக்கொண்டேன். கோபாலபுரம் வரைக்கும்தான் போக வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் கோபாலபுரத்தில் பழைய பங்களாக்களை இடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு பங்களா வாசலில் கதவும் ஜன்னலும் உத்தரமும் குவிந்து கிடந்தன. இடிப்பு கான்ட்ராக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மலையிலிருந்து திரும்பிய சாந்தோம்காரரும் நானும் போய் நின்றோம்.

"இதுல பர்மா தேக்கு எது?" என்றேன்.

"எல்லாமே பர்மாதான் சார்."

"இந்த உத்தரம்?"

"பர்மா."

"அந்த ஜன்னல் வேப்பமரம் மாதிரி தெரியுதே?"

அவர் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். "பர்மா வேப்பமரம் சார்."

எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. எங்கள் கதவுக்கு மரம் விற்றவரின் பேரனாக இருக்கலாம்.

இதற்குள் சாந்தோம்காரர் உத்தரங்களின் முனைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தார். சுவருக்குள் புதைந்திருந்த முனை என்பதால் பெயின்ட் இல்லை, சுண்ணாம்பு மட்டும். ஓரிடத்தில் நின்று கர்சீப்பால் துடைத்தார். எனக்கு மரம்தான் தெரிந்தது. அவர் பக்கத்தில் கிடந்த நியூஸ் பேப்பரைக் கிழித்து, குழாயில் நனைத்து, முனையில் ஒட்டவைத்து, தலைவாரும் பிரஷ்ஷால் மெல்லத் தட்ட ஆரம்பித்தார். கல்வெட்டைப் படி எடுக்கிற மாதிரியே.

"இன்னா சார், அந்தம்மா மரத்துக்கு ஒத்தடம் குடுக்குது?" என்றார் கான்ட்ராக்டர்.

காகிதத்தில் எழுத்து புடைத்துக்கொண்டு வந்தது. இரும்புச் சுத்தியால் அடித்த முத்திரை. ஆங்கிலத்தில் ஏதோ ஒரு கம்பெனியின் எழுத்துகள், கீழே ரங்கூன். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

"நான்தான் சொன்னேனே சார், பர்மான்னு," என்றார் கான்ட்ராக்டர். அவர் முகத்தில் எங்கள் எல்லோரையும்விட அதிக ஆச்சரியம் இருந்தது.

அந்த முனையில் ஒரு சாண் அறுத்துக் கொடுத்தார். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் அடையாறு போனேன், பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவன் மாதிரி.

சனிக்கிழமை. நண்பன் எல்லாவற்றையும் கரைத்துத் தயாராக வைத்திருந்தான். சாந்தோம்காரர் சுவரோரம் ஸ்டூலில், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலி ஃபிலிம் டப்பா அதற்குள் இருந்தது. கடைசித் துண்டும் இப்போது ஒரு குடுவையில் வெளிறிய தண்ணீராக நின்றது. இது போனால் போனதுதான்.

"ஒரு மேட்டரு," என்றான் நண்பன், சிலிண்டரைத் தட்டி. "கேஸு தீர்ற மாதிரி கீது. புதுசு திங்கக்கிழமதான் வரும். எத மொதல்ல போட?"

நான் கரி என்றேன். அவர் வேண்டாம் என்றார். "ஒப்பிட எதுவும் இல்லைன்னா கரி மட்டும் இருந்து என்ன சார் பண்றது? ரங்கூன் போடுங்க, மலை போடுங்க. அப்புறம் கரி."

தீ நீலமாக எரிந்தது. ரங்கூன் கரைசல் உள்ளே போனதும் ஓரம் சிவந்தது. பேனா ஏறியது, கதவு ஏறிய உயரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. நண்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் மாமனாரை நினைத்துக்கொண்டேன். மலைத்துண்டு ஒன்று. கீழேயே நின்றது. இரண்டாவதும் அதன் பக்கத்திலேயே. கேஸ் முள் சரிந்துகொண்டிருந்தது. கருவியின் விளக்கை மாற்றிப் பேரியத்தையும் அளந்தான். தீ ஒரு தரம் மஞ்சளாகத் துள்ளியது.

"போடு, போடு," என்றேன்.

"நீ மூச்சு வுடாத, அதுவே ஆடுது."

கரி போனது. பேனா ஏறியது. நின்றது. விளக்கை மாற்றியதும் மறுபடி ஏறி நின்றது. தீ படபடவென்று அடித்துக்கொண்டு அணைந்தது.

நான் கணக்கைப் போட்டேன். இரண்டு தரம் தப்பாகப் போட்டதால் நண்பன் வாங்கிப் போட்டான். கரியும் மலையும் தோளோடு தோள் நின்றன. அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கள் வாசல் கதவு. ரங்கூன் தூரத்தில், தனியாக, கூப்பிடாத விருந்தாளி மாதிரி.

 நண்பன் விசிலடித்தான். நான் மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். ஆட்டம் என்றுதான் அவன் இன்றும் சொல்கிறான்.

"மலையிலேர்ந்துதான் வந்துச்சுன்னு அடிச்சு எழுதாதம்மா," என்றான் அவன். "இதே மாதிரி மண்ணு வேற எங்கனா இருக்கலாம். ஒரு ரங்கூன் கட்டதான் பாத்துகிறோம். 'இந்த ரங்கூன் மரத்தோட சேரல, மலை மரத்தோட ஒத்துப்போவுது'ன்னு எழுது."

"அது போதும் சார்," என்றார் அவர். "கைடு கேட்டதுக்கு அது போதும்." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் ரொம்ப நேரம் துடைத்தார்.

கைடு தாள்களைப் பார்த்து, பலமுறை குறுக்குக் கேள்வி கேட்டு, கடைசியில் அந்த அத்தியாயம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அந்த வாரமே சாந்தோம்காரர் பிளம் கேக் ஒன்றோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். முட்டை போடாதது என்று வாசலிலேயே உத்தரவாதம் கொடுத்தார். மாமனார் சந்தோஷமாகக் காப்பி கொடுக்கச் சொன்னார். வந்தவருக்குக் கதவைக் காட்ட வேண்டும் என்று மாமனார் எழுந்தபோதுதான், ஓட்டை விஷயத்தைச் சொல்லிவிட வேண்டாம் என்று சாந்தோம்காரரை நான் எச்சரித்து வைக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது.

"இது பாருங்கோ, பர்மா..." என்று ஆரம்பித்தார் மாமனார்.

"தெரியும் சார், இந்தக் கதவாலதான் என் அத்தியாயம் பொழச்சுது," என்றார் அவர், முகமெல்லாம் சிரிப்பாக. "பர்மா எல்லாம் இல்ல சார். கோபாலபுரத்துல கெடச்ச நிஜ ரங்கூன் துண்டோட சேரவே இல்ல, நம்ம மேற்கு மலைத் தேக்கு மாதிரியே இருக்கு. சார் துளை போட்டு எடுத்துக் குடுத்தாரு. மொதல்ல போன் போட்டுக் கரியும் பர்மான்னு என்னைப் பயமுறுத்தினதும் சார்தான்."

மாமனார் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கேக்கைப் பார்த்தார்.  வந்தவர் கிளம்பிப் போகும் வரை நான் கேக்கில் முந்திரி எத்தனை என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

வந்தவர் தெருமுனை திரும்பியதும் மாமனார் கதவுக்குப் பின்னால் போய்க் குனிந்து, காப்பி வாசனை வந்த அதே மூலையில், விரலால் மெழுகை நெம்பி எடுத்தார். முகர்ந்து பார்த்தார்.

"அந்த ரங்கூன் துண்டுல மிச்சம் இருக்கோ?"

"இருக்கு," என்றேன்.

"அதுல ஒரு ஆப்பு செதுக்கி இந்த ஓட்டைய அடைச்சுடுங்கோ. கதவுல பர்மா தேக்கு இருக்குன்னு நான் சொன்னா அது பொய்யா இருக்கப்படாது. ஊரெல்லாம் போன் போட்டுப் புளுகினது நீங்கதானே மாப்ளே, நானா?"